அடிச் சிலிண்டரில் எண்ணெய்

நின்ற இயந்திரத்தில்
எண்ணெய் மெல்லக் கீழே இறங்கும்.
வட்டமாய் அடுக்கிய பதினெட்டில்
தலைகீழாய்த் தொங்குகிற நாலைந்து
அதைக் குடித்து வைத்திருக்கும்.
அப்படியே முடுக்கினால்
எண்ணெய் நசுங்காது, இரும்பு நசுங்கும்.
அதற்காகத்தான் எங்களைப் பிடித்தார்கள்,
நாளுக்கு ஒன்றேகால் ரூபாய்,
சீனன்குடாவில் விசிறி தள்ள.

ஓர் இலைக்கு இரண்டு பேர்.
எனக்குச் சோடி கிண்ணியா மீராலெவ்வை.
உள்ளங்கையை இலையில் பதித்து
நடக்க வேண்டும், ஓடக் கூடாது.
நாங்கள் விட்டது மேலே போக
அடுத்தது இறங்கி வரும், அடுத்த சோடிக்கு.
பன்னிரண்டு இலை கணக்கு.
எண்ணிக்கை பிசகினால்
"முதலிலிருந்து" என்பார் ஓவசியர்,
சுருட்டை எடுக்காமலே.

ஆடி கழியுமுன் வெள்ளி வெள்ளியாய் வந்து இறங்கின.
அத்தனை பெரிதை அதுவரை கண்டதில்லை.
ஒன்றுக்கு நாலு இயந்திரம்,
இயந்திரத்துக்குப் பதினெட்டுச் சிலிண்டர்.
மீசை முளைக்காத மெக்கானிக் பொடியன் ஒருவன்
எது எப்போது வெடிக்கும் என்று
கரித்துண்டால் சிமெந்தில் எழுதிக் காட்டினான்:
ஒன்று, பன்னிரண்டு, ஐந்து, பதினாறு,
ஒன்பது, இரண்டு, பதின்மூன்று, ஆறு,
பதினேழு, பத்து, மூன்று, பதினாலு,
ஏழு, பதினெட்டு, பதினொன்று, நாலு,
பதினைந்து,
எட்டு.
"பந்தியிலே இப்படிப் பரிமாறினால் வெட்டுக்குத்துத்தான்"
என்றான் மீராலெவ்வை.

பின்வரிசைக்குக் காற்றுப் போதாதாம்.
பதினெட்டுக்கும் பதினெட்டுச் சூடாம்.
கன்னியாவில் ஏழு கிணற்றிலும் அள்ளி வார்த்தவனுக்கு
இதைச் சொல்லியா தரவேண்டும்?
ஆனால் பொடியன் சிரிக்கவில்லை.
தீப்பிடித்தால் இறக்கையே உருகும் என்று
தன் கையை மடக்கிக் காட்டினான்.

அன்று பின்நேரம், மூன்றாம் இயந்திரம்,
ஒன்பதாம் இலை
நின்றது.
மீராலெவ்வை தோள் கொடுக்கப் போனான்.
தள்ளாதே என்றேன்.
தள்ளினால் போகும்.
உள்ளே தண்டு வளைந்துகொண்டே போகும்.
வளைந்தது இங்கே தெரியாது, கடலுக்கு மேலேதான் தெரியும்.
ஓவசியர் ஏசினார். பொடியன் ஓடிவந்து
அடியில் ஒரு பிளக்கைக் கழற்றினான்.
ஒரு கோப்பை எண்ணெய் கறுப்பாய் இறங்கி
என் காலடியில் தேங்கியது.
என் தோளில் தட்டி ஒரு சிகரெட் தந்தான்.
நான் குடிப்பதில்லை. காதில் செருகிக்கொண்டேன்.

எங்கே போகின்றன என்று எவரும் சொல்லவில்லை.
ஓடுபாதை முழுவதையும் தின்று முடித்துத்தான்
ஒவ்வொன்றும் மேலே எழும்பியது.

வீட்டில் லாம்பெண்ணெய் இல்லை.
கூப்பனுக்கு அரைப் போத்தல், அதுவும் போன கிழமையோடு சரி.
நேசம்மா இருட்டில் சோறு போட்டாள்.
மீன் முள்ளை
விரல்தான் பார்த்தது.

மறுநாள் திரும்பி வந்தன.
ஒன்பதாம் இலையில் நின்றதும் வந்தது,
மூக்கெல்லாம் எண்ணெய் வழிய.
பொடியன் இரண்டு கையையும் உயர்த்தி
நெருப்பின் உயரத்தைக் காட்டினான்.
கை போதவில்லை, எம்பிக் குதித்தான்.
ஊரின் பெயரையும் சொன்னான்.

அந்தப் பெயரை வாயில் போட்டுக்கொண்டு வந்து
நேசம்மாவிடம் சொன்னேன்.
அவள் ஒன்றும் பேசாமல் எழும்பிப்போய்
அரிசித் தகரத்தை இழுத்து வந்தாள்,
சண்டைக்கு முந்தி லாம்பெண்ணெய் வந்த தகரம்.
மெதடிஸ்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்தவள்.
அடிப்பக்கம் புடைத்திருந்த எழுத்தை
இருட்டிலேயே தடவி வாசித்தாள்:
ப... லெம்... பாங்.

யாரோ அந்த மூடியை அழுத்தியிருப்பான்.
யாரோ விளிம்புக்கு ஈயம் பற்றவைத்திருப்பான்.
அவனுக்கும் ஒரு ஓவசியர் இருந்திருப்பார்.

"நீங்களே தள்ளினனீங்கள்?"
"பன்னிரண்டு இலை" என்றேன்.
வேறென்ன சொல்ல?

அவள் நாளைக்கு அரிசி அளந்தாள், இரண்டு சுண்டு.
நான் பாயில் சரிந்தேன்.
காதிலிருந்த சிகரெட் நசுங்கிப் போயிருந்தது.
நாலு மணிக்கு எழும்ப வேண்டும்.
இப்போது அங்கே, யாரும் தொடாமல்,
எண்ணெய்
இறங்கிக்கொண்டிருக்கும்.